ஒன்பது மைல் வெளிநாடு

திருத்தணி ஆறுமுகத்தோட பொண்ணு வரலட்சுமி பட்டணத்துக்குப் போய் எம்.ஏ. சேர்ந்ததுல ஊர்ல யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இல்ல. படிப்போட பேரு சமூக, பண்பாட்டு வரலாறு. அது இன்னா படிப்புன்னு தெருவுல ஒருத்தருக்கும் தெரியல. தெரியாததாலயே எல்லாரும் அதுக்குத் தனி மரியாதை குடுத்தாங்க.

ஆறுமுகம் மட்டும் கேட்டுப் பார்த்தாரு. நாலு பவர்லூம் வச்சு லுங்கி நெய்யறவரு, எதையும் தொட்டுப் பாத்துதான் வாங்குவாரு. ராஜா, ராணி, சண்டை எல்லாம் பழைய வரலாறு நைனா, இது வேற, ஜனங்க இன்னா தின்னாங்க, இன்னா கட்டினாங்க, யாரு யாருக்குப் பொண்ணு குடுத்தாங்க, எப்டி சண்டை போட்டுகினாங்க, அதையெல்லாம் ஆராய்ச்சி பண்றதுன்னு வரலட்சுமி வெளக்கினா.

"இதுக்கு இன்னாத்துக்குப் பட்டணம்? உங்கம்மாவ கேட்டா காபி ஆறதுக்குள்ள முழுத் தெருவையும் சொல்லிட்டுப் போறா" ன்னாரு ஆறுமுகம்.

ஆனாலும் அனுப்பினாரு. ஒரு கண்டிஷன் போட்டுதான் அனுப்பினாரு. ரெண்டே வருஷம். ரெண்டாவது வருஷம் முடியசொல்ல பட்டம் கையில இருக்கணும். இருந்தா வேலைக்குப் போலாம், யாரும் கேக்கமாட்டாங்க. இல்லன்னா அடுத்த ஆவணியில நாகராஜனுக்குக் கழுத்தை நீட்டணும்.

நாகராஜன், ஆறுமுகத்தோட அக்கா அம்சாவுக்கு ஒரே புள்ள. வரலட்சுமிக்கு பாவா, மொறை மாப்பிள்ளை. இவ பொறந்த அன்னிக்கே இவ அவனுக்குத்தான்னு பேசி முடிச்ச சமாச்சாரம் அது. ஊரு வெங்கம்ம கண்ட்ரிகா. திருத்தணியில இருந்து ஒம்போது மைல், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவுல. ஆள் கெட்டவன் இல்ல. கெட்டவனா இருந்தா அதைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். நல்லவன்தான், ஆனா வாய் ஓயாது, பேசற பேச்சும் முக்காவாசி தன்னோட பேண்ட்டைப் பத்திதான். அப்போ பெல்பாட்டம் வந்த புதுசு. பட்டணத்துல இருபத்திநாலு அங்குலம்னா நாகராஜன் முப்பத்திரண்டு வச்சுத் தச்சிருந்தான். அவன் தெருவுல நடந்துட்டுப் போனான்னா அம்சா அத்தை அன்னிக்கு வாசல் கூட்டத் தேவையில்ல.

முதல் வருஷம் நல்லாத்தான் போச்சு. கடைசியிலதான் யாரோ ஒருத்தரு பாடத்திட்டத்தைப் படிச்சித் தொலைச்சாரு.

இந்தப் படிப்பைக் கொண்டாந்தவரு துறைத்தலைவரா இருந்த பேராசிரியரு. இருவது வருஷத்துக்கு முன்னாடி ஒம்போது மாசம் சீமையில இருந்தவரு. அங்க போட்ட கம்பளிக் கோட்டை சித்திரை வெயில்லயும் கழட்டினது இல்ல. வரசொல்ல அங்கத்திய பல்கலைக்கழகத்து பாடத்திட்டப் புஸ்தகம் ஒண்ணு எடுத்துகினு வந்திருந்தாரு. அதை அப்டியே டைப் அடிச்சு, பேரை மட்டும் மாத்தி, அதுலயும் ரெண்டு எடத்துல மாத்த மறந்து, ஆட்சிக்குழுவுல வச்சாரு. ஆட்சிக்குழு "ஆழ்ந்து பரிசீலித்து ஒருமனதாக" பாஸ் பண்ணுச்சு. நாலாம் பக்கத்துல "மாணவர்கள் இரண்டாம் ஆண்டு முழுவதும் வெளிநாட்டில் தங்கிப் பயில்வது கட்டாயம்" னு ஒரு வரி இருந்துச்சு. ஆழ்ந்து பரிசீலிச்சதுல அது கண்ணுல படல.

சேர்ந்தது பதினோரு பேரு. ஒருத்தனை சீமைக்கு அனுப்பவும் காசு கிடையாது. காசு இருந்தாலும் அந்நியச் செலாவணி கிடையாது. சரி, அந்த ஒரு வரியை அடிச்சிட்டா போச்சுன்னு வரலட்சுமி கேட்டா. ஒரு வரியை அடிக்கணும்னா துறைக்குழு, கல்விக்குழு, ஆட்சிக்குழு மூணும் கூடணும், அப்புறம் அரசிதழ்ல வரணும், மூணு வருஷம் ஆவும்னு சொன்னாங்க. வரியை அடிக்கறதைவிட வெளிநாட்டைக் கிட்ட கொண்டாறது சுலபம்னு முடிவாச்சு.

"வெளிநாடு என்பது யாது என ஆய்ந்து அறிக்கை அளிக்கும் மூவர் குழு" ன்னு ஒண்ணு போட்டாங்க. குழு ஊட்டிக்குப் போய் ரெண்டு மாசம் ஒக்காந்து யோசிச்சுது. வெளிநாடுன்னா அங்க வேற பேச்சு பேசணும், போர்டுல இருக்கற எழுத்து நமக்குப் படிக்க வரக்கூடாது, போற வழியில யாராவது வண்டியை நிறுத்தி மூட்டையைப் பிரிச்சுப் பாக்கணும், அந்த ஊர் ஜனங்க நம்ம சர்க்காரைத் திட்டாம வேற சர்க்காரைத் திட்டணும். இவ்ளோதான் அதோட லட்சணம்னு கண்டுபுடிச்சாங்க. அந்தக் கணக்குல ஆந்திரா, கர்நாடகா, கேரளா மூணும் முதல் வகுப்புல வெளிநாடா தேறிடுச்சு. பாண்டிச்சேரி மட்டும் பரிசீலனையில நின்னுச்சு. அதை நேர்ல போய்த்தான் ஆராயணும்னு குழுவுல மூணு பேருமே தனித்தனியா எழுதிக் குடுத்திருந்தாங்க.

கிட்ட இருக்குதுன்னு பதினோரு பேரையும் ஆந்திராவுக்கே போகச் சொன்னதும் வரலட்சுமி மனசுக்குள்ள மேப்பை விரிச்சுப் பாத்தா. வயசுப் பொண்ணைத் தனியா நெல்லூருக்கோ கடப்பாவுக்கோ ஆறுமுகம் அனுப்பமாட்டாரு. அனுப்பற எடம் ஒண்ணே ஒண்ணுதான். எவன்கிட்ட இருந்து தப்பிக்கறதுக்காக படிக்கப் போனாளோ, அவன் வீட்லயே போய் ஒரு வருஷம் ஒக்காரணும்.

பட்டம் வேணும்னா வேற வழி இல்ல. ஒத்துகினா.

பல்கலைக்கழகத்துல கல்விப் பிரிவு கண்காணிப்பாளரு ராஜகோபால். அவரு கெடுதல் நெனைக்கறவரு இல்ல. விதிக்கு உள்ள யாரு நின்னாலும் கை குடுத்துத் தூக்கி விடுவாரு, வெளியே நின்னா கண்ணுக்கே தெரியாது.

"பாஸ்போர்ட் எங்கேம்மா?" ன்னு கேட்டாரு.

"பஸ்ல போறேன் சார். எழுபது பைசா டிக்கெட்டு."

"எதுல வேணும்னாலும் போ. வெளிநாடு போனதுக்கும் வந்ததுக்கும் நுழைவுச் சான்று வேணும். விதி பன்னண்டு."

"அங்க யாரு சார் சான்று குடுப்பாங்க?"

"எல்லையில யாரு உன்னை நிறுத்தறாங்களோ அவங்க. யாரும் நிறுத்தலைன்னா, நிறுத்தச் சொல்லிக் கேளு."

வரலட்சுமி நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, முதல் பக்கத்துல போட்டோ ஒட்டி, ராஜகோபால்கிட்ட முத்திரை வாங்கிகினா. எல்லையில செக்போஸ்ட்காரன் அரிசி மூட்டையைத்தான் பாத்தான், பொண்ணைப் பாக்கல. கடைசியில அந்த பஸ் கண்டக்டரு, அரக்கோணத்துக்காரரு ஷபியுல்லா பாய், ஒரு வழி பண்ணாரு. எல்லை தாண்டினதும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, டிக்கெட்டுல ஓட்டை போடற கருவியால நோட்டுல நாலு ஓட்டை போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாரு. வண்டியில இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னு பாத்தாங்க. ரெண்டு பேரு தங்களுக்கும் போடச் சொல்லி கையை நீட்டினாங்க.

அதுக்கு முந்தி திருத்தணி பஸ் ஸ்டாண்டுல நடந்த கூத்தையும் சொல்லணும். வெங்கம்ம கண்ட்ரிகா ஒம்போது மைல்ல இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். வாராவாரம் தக்காளி வாங்க அந்தச் சந்தைக்குப் போறவங்கதான் எல்லாரும். ஆனா பல்கலைக்கழகத்து லெட்டர்ல "வெளிநாடு" ன்னு முத்திரையோட வந்ததும், மைலு கணக்கை யாரும் எடுக்கல. மாலை போட்டாங்க. போட்டோ புடிச்சாங்க. எதிர்வீட்டு கமலா அங்கிருந்து ஃபாரின் நைலக்ஸ் புடவை ஒண்ணு கொண்டாரச் சொன்னா. மளிகைக்கடைக்காரரு ஒரு ஃபாரின் டார்ச் லைட் கேட்டாரு. ஆறுமுகம் யார் எதைக் கேட்டாலும் "எழுதிக் குடு, அனுப்பறேன்" னு சொல்லிகினு, அன்னிக்குப் பூரா சட்டைக் காலரைத் தூக்கி விட்டுகினே இருந்தாரு.

ஒரு வருஷம். முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் எல்லைக்கு அந்தப் பக்கம் படுத்து எழுந்திரிக்கணும், மாசம் ஒரு அறிக்கை எழுதணும். முதல் மாசம் இன்னா எழுதறதுன்னு தெரியாம, "இந்நாட்டு மக்கள் காலையில் எழுந்தவுடன் பல் துலக்குகின்றனர். பின்னர் காபி அருந்துகின்றனர். காபி கிடைக்காத நாட்களில் சினம் கொள்கின்றனர்" னு எழுதி அனுப்பினா. பேராசிரியரு ஓரத்துல செகப்பு மையில, "மிக அருமை. இப்பழக்கங்கள் நம் நாட்டிலும் ஆங்காங்கே காணப்படுவது வியப்பிற்குரியது. தொடர்பை ஆராய்க" ன்னு எழுதியிருந்தாரு.

அன்னியில இருந்து வரலட்சுமிக்கு பயம் போயிடுச்சு. அம்சா அத்தை பக்கத்து வீட்டுக்காரியோட கொழாயடியில சண்டை போட்டதை "நீர்ப் பங்கீட்டில் மகளிரின் வாய்மொழி மரபு" ன்னு பன்னண்டு பக்கம் எழுதினா. நாகராஜன் கண்ணாடி முன்னாடி நின்னு சைட் பர்ன் கிருதாவைச் சீவறதை "ஆடவர் ஒப்பனைச் சடங்கு" ன்னு எழுதினா. அவனுக்கும் பெருமை தாங்கல. தன்னை ஆராய்ச்சி பண்றாங்கன்னு தெரிஞ்சதுல இருந்து மணிக்கு ஒரு சட்டை மாத்தினான். ஃபாரின்ல இருந்து ஒரு பொண்ணு எங்க வீட்ல வந்து தங்கியிருக்குது, அதைத்தான் கட்டிக்கப் போறேன்னு சந்தை பூரா சொல்லி வச்சிருந்தான். அவனுக்கு வெளிநாடு திருத்தணி.

ஊர்க்காரங்க கேட்ட சாமான்தான் பெரிய தலைவலி. அந்தச் சந்தையில ஃபாரினும் கிடையாது, மண்ணும் கிடையாது. கெடைக்கறது லுங்கி. அதுவும் ஆறுமுகம் தறியில நெய்ஞ்சு அந்தச் சந்தைக்கு அனுப்பற லுங்கி. வேற வழியில்லாம அதையே ஆறு வாங்கி ஷபியுல்லா பாய் கையில குடுத்து அனுப்பினா. மளிகைக்கடைக்காரரு தொட்டுப் பாத்துட்டு, இந்த வழவழப்பு நம்ம ஊரு சரக்குல ஏதுன்னாராம். ஆறுமுகமும் ஒண்ணு எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, ஆங், இழை வேறதான், அவங்க மிஷினே வேற இல்லன்னு ஒத்துகினாராம். அதுக்கப்புறம் அவரு லுங்கியை திருத்தணி கடையில யாரும் வாங்கல. ஒம்போது மைலு போயிட்டுத் திரும்பி வந்ததைத்தான் வாங்கினாங்க.

ஒரு வருஷம் முடிஞ்சுது. ஷபியுல்லா பாய் நோட்டுல கடைசியா நாலு ஓட்டை போட்டாரு. வரலட்சுமி மூட்டை முடிச்சோட நேரா பட்டணம் போயி, நோட்டு, பன்னண்டு அறிக்கை, முந்நூறு பக்க ஆராய்ச்சி எல்லாத்தையும் ராஜகோபால் மேசை மேல வச்சா. இன்னும் அஞ்சு வாரத்துல ஆவணி. பல்கலைக்கழகத்துலயே ஒரு விரிவுரையாளர் வேலை காலியா இருந்துச்சு, பட்டம் வந்தா விண்ணப்பம் போடலாம். கல்யாணத்துக்கு வாழைமரத்துக்கு ஆறுமுகம் ஏற்கெனவே சொல்லி வச்சாச்சு.

ராஜகோபால் ஒவ்வொரு காகிதமா பொரட்டிகினே வந்தாரு. பொறப்புச் சான்று வந்ததும் நிறுத்தினாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுப் போட்டுகினாரு.

"நீ எப்போம்மா பொறந்தே?"

"அம்பத்து நாலு ஜனவரி சார்."

"எங்கே?"

"திருத்தணியில சார். வேற எங்க?"

"அப்போ திருத்தணி எங்கே இருந்துது?"

வரலட்சுமி முழிச்சா. மலை அங்கயேதான் இருந்துது, கோயிலும் அங்கயேதான் இருந்துது. ஆனா ராஜகோபால் கேட்டது மலையை இல்ல. அம்பத்து மூணு அக்டோபர்ல ஆந்திரா தனியா பிரிஞ்சப்போ திருத்தணி அந்தப் பக்கம் போயிடுச்சு. அப்புறம் அறுவதாம் வருஷம் ஏப்ரல் ஒண்ணாந்தேதிதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துச்சு. சான்றுல ஆந்திர சர்க்கார் முத்திரை சும்மா கும்முன்னு இருந்துச்சு.

"நீ ஆந்திராவுல பொறந்தவ. ஆந்திரா உனக்குத் தாய்நாடு. ஒரு வருஷம் தாய்நாட்டுல போய் ஒக்காந்துட்டு வந்து, வெளிநாடு போயிட்டு வந்தேன்னு கணக்கு காட்டறே" ன்னாரு ராஜகோபால். கோவமா சொல்லல. வருத்தமாத்தான் சொன்னாரு.

"அப்போ நான் இன்னா சார் பண்றது?"

"விதிப்படி ஒரு வருஷம் வெளிநாட்டுல தங்கணும்மா. உனக்கு எது வெளிநாடோ அங்கே."

வரலட்சுமி பொறப்புச் சான்றை எடுத்து இன்னொரு தடவை படிச்சா. ஒரு வருஷம் பல் தேய்க்கறதைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணவ இல்லையா, மூளை பழகிப் போயிருந்துச்சு. மெதுவா கேட்டா.

"சார், எனக்கு ஆந்திரா தாய்நாடுன்னா, தமிழ்நாடு வெளிநாடு. சரிதானே?"

"ரொம்ப சரி."

"அறுவது ஏப்ரல் ஒண்ணுல இருந்து நான் திருத்தணியில எங்க வீட்லதான் சார் இருந்தேன். பதினாலு வருஷம். ஒரு ராத்திரி கூட எல்லை தாண்டல."

ராஜகோபால் பேனாவைக் கீழ வச்சாரு. ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு கட்டில்ல படுத்துத் தூங்கி, காலையில எழுந்து பாத்தா கட்டிலோட வெளிநாட்டுல இருக்குது. சர்வீஸ்ல இருவத்தஞ்சு வருஷமா இப்டி ஒரு சுத்தமான கேஸை அவரு பாத்ததில்ல. ஒரு வருஷம் கேட்ட எடத்துல பதினாலு வருஷம். முகம் பூரிச்சுப் போச்சு.

"தாராளமா குடுக்கலாம்மா. அங்கே உன்னை வச்சிருந்த வீட்டுக்காரர்கிட்ட ஒரு படிவத்துல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வா."

படிவம் புதுசு. போன மாசம்தான் வந்துச்சு. இந்த வருஷம் பதினோரு பேருல பத்து பேரு மாமா வீட்லயும் மாமனார் வீட்லயும் தங்கி, அவங்களையே ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டு வந்துட்டாங்களாம். அதனால இப்போ தங்க வச்சவங்க சொந்தக்காரங்களா இருக்கக்கூடாதுன்னு திருத்தம். விதியைத் திருத்தத்தான் மூணு வருஷம், படிவத்தைத் திருத்த எந்தக் குழுவும் கூட வேணாமாம். வரலட்சுமி படிவத்தைப் படிச்சா: "மேற்படி மாணவி எனக்கு எவ்வகையிலும் இரத்த சம்பந்தம் உடையவர் அல்லர் என்றும், என் இல்லத்தில் தங்கியிருந்த காலத்தில் இந்நாட்டு உணவு, உடை, பேச்சு, பழக்க வழக்கங்களை அவருக்கு நானே அறிமுகம் செய்து வைத்தேன் என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்."

"சார், இது எங்கப்பா வீடு."

"உங்கப்பா பேரு என்னம்மா?"

"ஆறுமுகம்."

"வீட்டுக்காரர் பேரு?"

"அதுவும் ஆறுமுகம்தான் சார்."

"முருகன் ஊருல ஆறுமுகத்துக்கு என்ன பஞ்சம்? தெருவுக்கு நாலு பேரு இருப்பாங்க. விலாசமும் ஒண்ணா இருந்தா ஒரே வீட்ல ரெண்டு குடித்தனம்னு குறிப்பு எழுதிக்கறேன். கையெழுத்து மட்டும் பிசிறில்லாம வேணும்."

சாயங்கால ரயிலைப் புடிச்சு வரலட்சுமி ஊரு வந்து சேர்ந்தா. ஆறுமுகம் தறியை நிறுத்திட்டுப் படிவத்தை வாங்கினாரு. தறிச் சத்தம் நின்னதும் இன்னாவோ ஏதோன்னு எதிர்வீட்டு கமலா எட்டிப் பாத்தா. எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படிச்சாரு.

"இதுல நான் உன் அப்பன் இல்லன்னு போட்டிருக்குதே."

"காகிதத்துல மட்டும்தான் நைனா."

"போடலன்னா?"

"பட்டம் கெடையாது."

"பட்டம் இல்லன்னா கல்யாணம். எனக்கு இன்னா நஷ்டம்?"

"உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல" ன்னா வரலட்சுமி. கமலா காதுல விழற மாதிரி கொஞ்சம் ஒசத்தியே சொன்னா. "ஃபாரின் போன பொண்ணு ஃபெயிலாயிட்டு வந்துட்டான்னு பேசிக்குவாங்க. அவ்ளோதான்."

ஆறுமுகம் தெருவைப் பாத்தாரு. பஸ் ஸ்டாண்டுல போட்ட மாலை, புடிச்ச போட்டோ, தூக்கி விட்ட காலரு எல்லாம் கண்ணு முன்னாடி வந்திருக்கணும். காகிதத்துல அப்பன் இல்லன்னா நெஜத்துல இல்லன்னு ஆயிடுமா இன்னான்னு தனக்குத்தானே சொல்லிகினாரு. எங்க போடணும்னு கேட்டாரு. போட்டாரு. போட்டுட்டு பேனாவைக் குடுக்காம கையிலயே வச்சிகினு நின்னாரு.

"இனிமே அப்பன் பேருன்னு கேக்கற எடத்துல இன்னா எழுதுவே?"

"உன் பேருதான் நைனா. ஆறுமுகம்."

"அது வேற ஆறுமுகம் இல்ல?" ன்னுட்டு அவரு போய் தறியை ஓட்டினாரு.

மூணாம் நாள் பட்டம் வந்துச்சு. நாலாம் நாள் அம்சா அத்தை வந்தா. ஷபியுல்லா பாய் பஸ்ல யாரோ சொல்லி, அவரு அத்தை ஊர்ல எறக்கி விட்ட சேதி அது. வந்தவ தண்ணி கூட குடிக்கல.

"தம்பி, நீ அவளுக்கு அப்பன் இல்லன்னு எழுதிக் குடுத்தியாமே?"

"அது சும்மா ஒரு காகிதம்க்கா."

"முத்திரை குத்தினாங்களா இல்லையா?"

"குத்தினாங்க."

"அப்போ சும்மா இல்ல. நீ அப்பன் இல்லன்னா நான் அத்தை இல்ல. நான் அத்தை இல்லன்னா என் புள்ள அவளுக்கு பாவா இல்ல. மொறை இல்லாத பொண்ணை எந்த மூஞ்சியை வச்சிகினுடா எடுப்பேன்?"

ஆறுமுகம் அக்கா சொன்னதை விரல் விட்டு எண்ணிப் பாத்தாரு. அதுல எந்த எடத்துல ஓட்டைன்னு அவருக்குத் தெரியல. எந்த எடத்துலயும் ஓட்டை இல்ல. உள்ள ரூம்ல வரலட்சுமி வாயில முந்தானையை அடைச்சிகினு ஒக்காந்திருந்தா. சிரிப்பா அழுகையான்னு அவளுக்கே சரியா புடிபடல. நாகராஜனுக்கும் பெருசா வருத்தம் இல்ல. அவனுக்கு வேற கஷ்டம். ஃபாரின் பொண்ணு ஃபாரின் பொண்ணுன்னு சந்தை பூரா சொல்லி வச்சவன், கடைசியில பாத்தா அவ நம்ம ஆந்திராவுலயே பொறந்தவளாம், எப்டி வெளியே தலை காட்டறதுன்னு பொலம்பினான். அடுத்த தையிலயே அரக்கோணத்துல ஒரு பொண்ணைக் கட்டிகினான். யுத்த காலத்துல வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் எறங்கின ஊரு, அதுவே பாதி ஃபாரின்னு சொன்னானாம்.

வாழைமரம் நின்னு போச்சு. ஆனா வேலை? விரிவுரையாளர் வேலை இந்த மாநிலத்துக்காரங்களுக்கு மட்டும்தான். வரலட்சுமி இப்போ வெளிநாட்டுக்காரின்னு பல்கலைக்கழகமே முத்திரை குத்திக் குடுத்தாச்சு. விண்ணப்பத்தை வாங்கக்கூட முடியாதுன்னு ராஜகோபால் கையை விரிச்சாரு. அவரு கண்ணு கலங்குச்சு. கலங்கின கண்ணோட ஃபைலைப் பொரட்டினவரு, ஆறு வருஷமா காலியா கெடந்த இன்னொரு வேலையைக் கண்டுபுடிச்சாரு. "வெளிநாட்டு வருகைப் பேராசிரியர்". சம்பளம் ரெண்டு மடங்கு, தனி ரூம், மேசை மேல ஃபேன். வெளிநாட்டுக்காரன் எவனும் இந்த வெயிலுக்கு வரமாட்டேன்னதால காலி. துறைத்தலைவருக்குத் தலைகால் புரியல. நம்ம துறைக்கும் ஒரு வெளிநாட்டு அறிஞரு வந்தாச்சுன்னு கோட்டுக்கு புதுப் பித்தான் தச்சுப் போட்டுகினாரு.

சேதி திருத்தணிக்குப் போனதும் ஊரே பொட்டியைக் கவுத்து பொறப்புச் சான்று தேடுச்சு. அம்பத்து மூணுக்கும் அறுவதுக்கும் நடுவுல பொறந்தவனெல்லாம் ராவோட ராவா வெளிநாட்டுக்காரன் ஆயிட்டான். கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்குக் கீழ "ஃபாரின்" னு போட ஆரம்பிச்சாங்க. அறுவது ஏப்ரல் மாசம் பொறந்த மளிகைக்கடைக்காரரு புள்ள மூணு நாள் சோறு திங்கல. ஒரு மாசம் முந்திப் பெத்திருக்கக்கூடாதான்னு அம்மாகிட்ட சண்டை.

அந்த வருஷக் கடைசியில, வெளிநாட்டு அறிஞரை திருத்தணிக்கே கூட்டியாந்து ஒரு சொற்பொழிவு வச்சாங்க. கல்யாண மண்டபத்துல நிக்க எடமில்ல. தலைப்பு, "திருத்தணி மக்களின் சமூக வாழ்வு". வரலட்சுமி ஒரு மணி நேரம் பேசினா. தெருவுல யாரு எந்த வேளைக்கு இன்னா சாப்பிடுவாங்க, எந்த வீட்டுப் பொண்ணு எந்த ஊருக்குப் போவும், தறிச் சத்தம் நின்னா எதிர்வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கற பழக்கம் எப்டி வந்துச்சு, லுங்கி ஒம்போது மைலு போயிட்டு வந்தா எப்டி வழவழன்னு ஆவுது. முதல் வரிசையில இருந்த கமலா, நம்மளைப் பத்தி நமக்கே தெரியாததையெல்லாம் சொல்ல ஒரு வெளிநாட்டுக்காரி வரவேண்டியிருக்குது பாருன்னு பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னா. தமிழ்தான் கொஞ்சம் இழுக்குது, போவப்போவ சரியாயிடும்னும் சொன்னா. இந்த கமலாதான் வரலட்சுமிக்கு சின்னதுல இடுப்புல வச்சி சோறு ஊட்டினவ.

ரெண்டாவது வரிசையில ஆறுமுகம். பக்கத்து நாற்காலியில, பல்கலைக்கழகம் சார்பா வந்திருந்த ராஜகோபால்.

"மேடையில பேசற அம்மாவுக்கு நீங்க எப்படி வேணும்?" ன்னு ராஜகோபால் மரியாதையா கேட்டாரு.

ஆறுமுகம் மேடையைப் பாத்தாரு. அப்புறம் ராஜகோபால் சட்டைப் பையில செருகியிருந்த பேனாவைப் பாத்தாரு. ஒரு வார்த்தை தப்பாப் போனா பட்டம், வேலை, ஃபேன் எல்லாம் போயிடும்.

"எங்க வீட்ல தங்கினு படிச்ச பொண்ணுங்க" ன்னாரு.

கூட்டம் முடிஞ்சு வரலட்சுமி மாலையோட கீழ எறங்கி வந்தா. ராஜகோபால் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துகினு நின்னாரு. அவ கையைக் கூப்பி, வணக்கம் ஐயான்னா. ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்பணும்னா.

ஆறுமுகமும் கையைக் கூப்பினாரு. மண்டபத்துக்கே கேக்கற மாதிரி சொன்னாரு.

"வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போம்மா. வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பற பழக்கம் எங்க நாட்டுல இல்ல."

மண்டபமே கையைத் தட்டுச்சு. இப்டி ஒரு பழக்கம் தங்களுக்கு இருக்குதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்ச மாதிரி தட்டினாங்க. ராஜகோபால் அவளையே பாத்துகினு இருந்தாரு. வரலட்சுமி கைப்பையில இருந்து நோட்டை எடுத்து, நைனா சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதிகினா.